ஐந்தெழுத்துக்குக் குறைந்தால் செல்லாது

தில்லையடி,
புத்தளம்.
12.02.2011

அன்பு மகள் ஹிதாயாவுக்கு வாப்பா எழுதுவது,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் உம்மாவும் இங்கே சுகம். நீங்களும் மருமகன் முபாறக்கும் அந்தக் கத்தார் வெயிலில் வாடாமல் இருக்க அல்லாஹ்விடம் கேட்டுக்கொண்டே இருக்கிறோம்.

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். உம்மா தொலைபேசியில் சொல்லிச் சிரிப்பதற்கு முன் நானே எழுதிவிட்டால் கொஞ்சம் மரியாதையாவது மிஞ்சும். போன வியாழக்கிழமை, நம் சைக்கிள் கடைக்குப் பக்கத்து ஹாட்வெயார் கடை ரஸாக்கை நான் மௌத்தாக்கிவிட்டேன்.

ஆள் உயிரோடுதான் இருக்கிறார். உண்மையில் மௌத்தானது உப்பு லொறி ஓட்டிய நூர்தீன் காக்கா. அவருடைய மகன் ஓடி வந்து விஷயத்தைச் சொல்லிவிட்டு, கபுறு வெட்ட ஆள் பார்க்கப் போய்விட்டான். நான் கிறீஸ் கையைத் துடைத்துக்கொண்டு பள்ளிக்குப் போய் மைக்குக்கு முன்னால் நின்றேன். மௌத்து அறிவிப்பது எத்தனை வருஷமாக என் வேலை. தொண்ணூறில் முஸ்லிம்களை மன்னாரை விட்டு விரட்டியபோது எங்களிடம் பறிக்க முடியாமல் போன ஒரே சாமான் உங்கள் வாப்பாவின் குரல்தான் என்று உம்மா பகிடி பண்ணுவாவே, அந்தக் குரலில் இன்னா லில்லாஹி எல்லாம் அழகாகச் சொன்னேன். நூர்தீன் என்று சொல்ல வாயைத் திறந்தால் அந்தப் பேர் அங்கே இல்லை. மைக் காத்திருக்கிறது. ஊர் காத்திருக்கிறது. காலையில் ரஸாக்கோடு தேத்தண்ணி குடித்திருந்தேன். வாயில் வந்தது அவர் பேர். பிறகு என்ன, தகப்பன் பேர், கடைப் பேர், அடக்கும் நேரம் எல்லாம் சேர்த்து ஒரு தடங்கலும் இல்லாமல் சொல்லி முடித்தேன்.

கொஞ்ச நேரத்தில் ரஸாக் பள்ளி வாசலில் வந்து நிற்கிறார். பாதி முகத்தில் சவர்க்கார நுரை, கழுத்தில் சலூன் துணி. அவர் வீட்டில் சனம் கூடிவிட்டதாம். மனைவி மயங்கி விழுந்து இப்போதுதான் எழும்பினாவாம்.

"மன்னிச்சுக்குங்க ரஸாக்" என்றேன்.

"மன்னிப்புக் கிடக்கட்டும் காக்கா. எண்ட மையித்த எப்ப எடுக்கிறதா சொன்னீங்க?"

"அஸர் தொழுகைக்குப் பொறகு."

"அப்ப மத்தக் கன்னத்தையும் சிரைச்சிட்டு வர நேரம் இரிக்கு."

பள்ளியில் பாங்கு சொல்லும் மோதினார் சிரித்த சிரிப்பில் அவர் தொப்பி கழன்றது. நானும் சிரித்தேன். பிறகு கடைக்கு வந்து ஒரு டயரை மடியில் வைத்துக்கொண்டு, நூர்தீன், நூர்தீன் என்று சொல்லிப் பார்த்தேன். நன்றாகத்தான் வருகிறது. ஏன் அப்போது வரவில்லை என்று தெரியவில்லை.

அது கிடக்கட்டும். நம் விளையாட்டுக்கு வருவோம். ள, ம் என்று இரண்டு எழுத்துத் தந்து ஐந்தெழுத்துச் சொல் கேட்டிருந்தீர்கள். சந்தோஷமாகப் 'புத்தளம்' என்று எழுதினேன். பிறகுதான் ஊர்ப்பேர் செல்லாது என்ற சட்டம் ஞாபகம் வந்தது. அந்தச் சட்டத்தைப் போட்ட மடையனும் நான்தான். ஆகவே என் விடை: உப்பளம். கருத்து (அகராதி பார்க்கவில்லை, சொந்தக் கருத்து): கடல் தண்ணியைப் பாத்தியில் அடைத்து, உள்ளதைச் சொல்லு என்று வெயிலில் நிறுத்தி வைக்கும் இடம். கடைசியில் அது வெள்ளையாகச் சொல்லிவிடும்.

உங்களுக்கு என் எழுத்துகள்: ங், ர.

துஆவுடன்,
வாப்பா பதியுதீன்


தோஹா,
03.03.2011

என் அன்பு வாப்பாவுக்கு,

வஅலைக்கும் ஸலாம். உங்கள் கடிதத்தை முபாறக்குக்கு வாசித்துக் காட்டினேன். அவர் சோற்றுப் பீங்கானைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். ரஸாக் மாமாவுக்கு என் ஸலாத்தைச் சொல்லுங்கள். நீண்ட ஆயுள் கிடைக்கட்டும் என்றும் சொல்லுங்கள். நீங்கள் மைக்கில் சொன்னதை யாராவது மாற்றிச் சொல்லத்தானே வேண்டும்.

என் விடை: நங்கூரம். கருத்து: மற்றதை மிதக்க விடுவதற்காகத் தான் மூழ்கிக் கிடக்கும் இரும்பு.

இந்தச் சொல்லை எழுதும்போது மன்னாரை விட்டு வள்ளத்தில் வந்த அந்த நாள் ஞாபகம் வந்தது. எனக்கு ஆறு வயது. மழை. கற்பிட்டிக் கரை எந்தப் பக்கம் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. நான் உங்கள் சாரத்தைப் பிடித்துக்கொண்டு, "பயம் வாப்பா" என்றேன். நீங்கள் என் கையை விரித்து விரலைப் பிடித்து எண்ணினீர்கள். "ப, ய, ம். மூண்டு எழுத்துத்தான். கையில அஞ்சு விரல் இரிக்கு மகள். அஞ்செழுத்துக்குக் குறைஞ்சா செல்லாது. வேற சொல்லுங்க." கரை வரும்வரைக்கும் நான் வேறு சொல் தேடிக்கொண்டே வந்தேன். இன்றைக்கும் தேடுகிறேன் பாருங்கள்.

இப்போது என் செய்தி. உம்மாவிடம் போன கிழமையே சொல்லிவிட்டேன். உங்களிடம் நானே சொல்ல வேண்டும் என்று அவவிடம் கெஞ்சி வாங்கிக்கொண்டேன். நீங்கள் மூத்தாப்பா ஆகப் போகிறீர்கள். நாலு மாதம். வைத்தியர் கணக்குப் பார்த்து ஆகஸ்டில் பிறக்கும் என்கிறார்.

இதைத் தொலைபேசியில் சொல்லத்தான் ஆசைப்பட்டேன். நான் எடுக்கும்போதெல்லாம் நீங்கள் பள்ளியில். இல்லையென்றால் கடையில். இல்லையென்றால் குளிக்கிறீர்கள். போன வெள்ளி உம்மா, "வாப்பா தூங்குறாங்க" என்றா. பின்னால் உங்கள் இருமல் கேட்டது. 

ஒரே ஒரு ஆசை வாப்பா. முபாறக்கின் கம்பனியில் அந்த மாதங்களில் லீவு இல்லை. பிள்ளை இங்கேதான் பிறக்கும். பிறந்தவுடன் அதன் காதில் தொழுகை அழைப்பான பாங்கைச் சொல்வது உங்கள் குரலாக இருக்க வேண்டும். தொலைபேசியைப் பிள்ளையின் காதில் வைக்கிறேன். முபாறக்குக்கும் சம்மதம். தான் சொன்னால் பிள்ளை, பஸ் கொண்டக்டர் கூப்பிடுகிறார் என்று நினைத்து இறங்கிவிடும் என்கிறார்.

உங்களுக்கு: டை, யா.

உங்கள் மகள்
ஹிதாயா


தில்லையடி,
27.03.2011

அன்பு மகளுக்கு,

அல்ஹம்துலில்லாஹ். கடிதத்தைக் கடையில் நின்று வாசித்தேன். காற்றடிக்க வந்த ஆளின் டயருக்கு அடித்துக்கொண்டே இருந்து வெடிக்க வைத்துவிட்டேன். விஷயத்தைச் சொன்னதும் அந்த மனிசர் ட்யூப்பை மறந்து என்னைக் கட்டிப் பிடித்தார். புது ட்யூப் என் கணக்கில்தான்.

உம்மா இப்போதே பழைய வெள்ளைச் சாரங்களைக் கிழித்துத் துவைத்துக் காய வைக்கிறா. யாராவது வருகிறவர்களின் கையில் அனுப்புவா. அங்கே கடையில் எல்லாம் விற்கும் என்று சொல்லிப் பார்த்தேன். கடைத்துணி பிள்ளையின் தோலுக்குச் சொறியுமாம்.

டை, யா: அடையாளம். கருத்து: ஒரு மனிசன் தான் தானேதான் என்று மற்றவனுக்குக் காட்டச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிவது.

ஒரு பகிடி கேளுங்கள். முந்தாநாள் சந்திக் கடைக்குப் போனேன். பருப்பு வாங்கினேன். அடுத்து வாங்க வேண்டியது கண் முன்னால் சாக்கில் குவிந்து கிடக்கிறது. பேர் எங்கேயோ போய் ஒளிந்துகொண்டது.

"அதில ஒரு கிலோ" என்றேன்.

"எதில காக்கா?"

"அதுதான்... உரிச்சா அழ வைக்கிறது."

கடைக்காரரின் முகம் மலர்ந்துவிட்டது. "வெளையாட்டத் தொடங்கிட்டாரு. அஞ்செழுத்தா காக்கா?"

எத்தனை என்று எனக்கு எங்கே தெரியும். ஓம் என்றேன். கடையில் நின்ற எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். "பொஞ்சாதி" என்றார் ஒருவர். கடைக்காரர் விரல் மடக்கி எண்ணி, "நாலு, செல்லாது" என்றார். "மாமியார்" என்றார் இன்னொருவர். அதுவும் நாலு. கடைசியில் அதையே வாங்க வந்த ஒரு பெண்மணி பொறுமையில்லாமல், "வெங்காயத்தத் தந்து அனுப்புங்களேன், அடுப்பில சட்டி இரிக்கு" என்றா. "சரியான விடை" என்றேன். எல்லாரும் கை தட்டினார்கள். வெங்காயத்தைத் தூக்கிக்கொண்டு வந்தேன். வீடு வரைக்கும் அந்தச் சொல்லையும் வாயில் தூக்கிக்கொண்டு வந்தேன்.

பாங்கு விஷயம். பள்ளியில் ஓதிக்கொடுக்கும் ஹஸ்ரத்திடம் கேட்டேன். பிள்ளைக்குப் பக்கத்தில் இருக்கிற ஆள் சொல்வதே நல்லது என்றார். தொலைபேசியில் இரைச்சல் இருக்கும், பாதியில் அறுந்தும் போகும். மருமகனின் வாப்பாவுக்கு என்னைவிட நல்ல குரல். கற்பிட்டியில் அவர் ஓதினால் கரையில் நிற்கிற ஆள்களும் திரும்பிப் பார்ப்பார்கள். தொலைபேசிதான் வேண்டும் என்றால் அவரைக் கேளுங்கள். இல்லாவிட்டால் மருமகனே சொல்லட்டும். பஸ் கொண்டக்டர் கூப்பிட்டாலும் போய்ச் சேர வேண்டிய இடம் ஒன்றுதானே.

கோபிக்க வேண்டாம் மகள். நல்லாய்ச் சாப்பிடுங்கள்.

உங்களுக்கு: ரு, க.

வாப்பா


தோஹா,
18.04.2011

வாப்பாவுக்கு,

ஸலாம். படுத்துக்கொண்டு எழுதுகிறேன், எழுத்துக் கோணலாக இருக்கும். இரண்டு கிழமைக்கு முன் எனக்கு இரத்தம் பட்டது. வைத்தியசாலையில் வைத்திருந்து விட்டுவிட்டார்கள். பிள்ளை இருக்கிறது. சிறிதாக இருக்கிறது என்கிறார்கள். எழும்பி நடக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். உம்மாவிடம் சொல்லாதீர்கள், அழுவா.

முபாறக் விடிய வேலைக்குப் போனால் இருட்டி மஃரிப் தொழுகைக்குத்தான் வருவார். இந்த அறையில் குளிரூட்டியின் சத்தம் மட்டும்தான். அசையாமல் கிடந்து, வயிற்றில் ஏதாவது அசைகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். அசைந்தாலும் பயமாக இருக்கிறது, அசையாவிட்டாலும் பயமாக இருக்கிறது.

இந்த நேரத்தில்தான் உங்கள் கடிதம் வந்தது. ஹஸ்ரத் சொன்னார், இரைச்சல், முபாறக்கின் வாப்பாவுக்கு நல்ல குரல். எத்தனை காரணம் வாப்பா. உங்களுக்கு மனமில்லை என்ற ஒரு காரணம் போதுமே.

நீங்கள் என்னோடு கோபம் என்று எனக்குத் தெரியும். வேலையை விட்டுவிட்டுப் புருஷனோடு போகிறேன் என்றபோதே கோபம். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் நான் உங்களைக் கட்டிப் பிடித்து அழுதேன். நீங்கள் ஒரு சொல் சொல்லவில்லை. போயிட்டு வாங்க மகள் என்றுகூடச் சொல்லவில்லை. வாயைத் திறந்தீர்கள், மூடினீர்கள், முகத்தைத் திருப்பிக்கொண்டு தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போய்விட்டீர்கள். விமானத்தில் தோஹா வரைக்கும் அதைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். அதற்குப் பிறகு தொலைபேசிக்கும் வரவில்லை. கடிதத்தில் மட்டும் பகிடி.

என்னோடு கோபம் இருக்கட்டும். இந்தப் பிள்ளை என்ன செய்தது?

இந்த முறை எழுத்துத் தரவில்லை. நீங்கள் தந்ததற்கு விடையும் தேடவில்லை.

ஹிதாயா


தில்லையடி,
09.05.2011

என் உயிரான மகளுக்கு,

உங்கள் கடிதம் வந்து நாலு நாளாயிற்று. நாலு நாளாக இதை எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்டது. இப்படி ஒரு விஷயத்தை எழுத அங்கே சொல்லித் தரவும் இல்லை.

கோபம் இல்லை மகள். கட்டுநாயக்காவில் எனக்கு உங்களிடம் சொல்ல ஒரு சொல் இருந்தது. நீங்கள் எழுதினீர்களே, போயிட்டு வாங்க மகள், அதேதான். அது நெஞ்சில் இருந்தது. வாயைத் திறந்தபோது வாய்க்கு வரவில்லை. இன்னொரு தரம் திறந்தேன். அப்போதும் இல்லை. அழுகையில் தொண்டை அடைத்துவிட்டது என்றுதான் நானே நினைத்தேன். தண்ணி குடித்தால் வரும் என்று குழாய்க்குப் போனேன். வந்தபோது நீங்கள் உள்ளே போய்விட்டீர்கள்.

அதுதான் முதல் தரம். பிறகு ஒன்று, இன்னொன்று. ரஸாக்கை மௌத்தாக்கியது பகிடி இல்லை. வெங்காயமும் பகிடி இல்லை. இப்போது சாமான் வாங்குவதே அப்படித்தான். "வட்டமா இரிக்கும், நடுவில ஓட்டை, பல்லுக்கு நல்லது" என்பேன். கடைக்காரர் "வடை" என்பார். "இரண்டெழுத்து, செல்லாது, இருந்தாலும் தாங்க" என்பேன். ஊர் சிரிக்கிறது. பதியுதீன் காக்காவுக்கு இந்த வயதிலும் என்ன விளையாட்டு என்கிறார்கள். நம் விளையாட்டு இல்லாவிட்டால் எப்போதோ பிடிபட்டிருப்பேன்.

தொலைபேசி என்றால் அடுத்த முனையில் ஆள் காத்துக்கொண்டிருக்கும். காகிதம் காத்திருக்கும், ஆனால் பார்த்துக்கொண்டிருக்காது. இந்தக் கடிதத்திலேயே சில இடங்களில் சொல் வரும்வரை இடம் விட்டுவிட்டு, பிறகு வந்து நிரப்பியிருக்கிறேன். எந்த இடம் என்று உங்களுக்குத் தெரியக் கூடாது என்று ஒரே பேனாவால் எழுதினேன். இப்போது நானே சொல்லிவிட்டேன். பிடிபட்ட கள்ளனுக்குக் கூடுதல் மூளை.

உம்மா எனக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டா. கொஞ்ச நாளாக எதை நீட்டினாலும் பேரைச் சொல்லி நீட்டுகிறா. "இந்தாங்க தேத்தண்ணி." "கதிரையில இரிங்க." "அலுமாரிக்குள்ள திறப்பு இரிக்கு." கல்யாணம் முடித்த நாளில் இருந்து "இந்தா" என்ற ஒரு சொல்லோடு எல்லாவற்றையும் தந்த மனிசி. இது என்ன புதுப் பழக்கம் என்று கேட்கப் போய், விளங்கியதும் அவ நீட்டியதை வாங்கிக்கொண்டேன்.

போன மாதம் ரஸாக் என்னைக் கொழும்பில் ஒரு நரம்பு வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போனார். "எண்ட மௌத்த அறிவிச்ச அண்டைக்கே வெளங்கிட்டு காக்கா. நீங்க ஆள் மாறிச் சொல்லுற மனிசன் இல்ல" என்றார். வைத்தியர் படங்களைக் காட்டிப் பேர் கேட்டார். சீப்பு, கடிகாரம், கதவு, எல்லாம் வந்தது. பிறகு ஒரு படம். வளைந்த கொக்கி, சங்கிலி. பார்த்தவுடன் எது என்று தெரிகிறது. பேர் இல்லை. ஆனால் மகள், உங்கள் கருத்து வந்தது. "மத்தத மிதக்க விடுறதுக்காகத் தான் மூழ்கிக் கிடக்கிற இரும்பு" என்றேன். வைத்தியர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

மூளைக்கு இரத்தம் போகிற மெல்லிய குழாய்களில் சின்னச் சின்ன அடைப்பாம். சொல் எல்லாம் உள்ளே இருக்கிறதாம், வெளியே வருகிற வழியில்தான் பழுதாம். ட்யூப் நல்லது, வால்வுதான் பிழை என்று விளங்கிக்கொண்டேன். வருத்தம் இன்னும் கூடுமா என்று கேட்டேன். கூடலாம், இப்படியே நிற்கவும் செய்யலாம், குளிசையை மட்டும் விட வேண்டாம் என்றார்.

மைக்கை மோதினாரிடமே கொடுத்துவிட்டேன். தொண்டை சரியில்லை என்று சொல்லியிருக்கிறேன்.

இப்போது விளங்குகிறதா? பாங்கு எனக்கு மனமில்லாத காரியமா? பிள்ளையின் காதுக்குப் போகிற முதல் சொல் அது. அதைத் தொடங்கிவிட்டு நடுவில் நின்றுவிட்டால்? அந்த நேரம் யாரிடம் போய் விடுகதை போடுவேன்?

அசையாமல் படுத்திருங்கள். உம்மாவிடம் நான் சொல்லவில்லை. அவவுக்கு ஏற்கனவே தெரியும் என்று நினைக்கிறேன். துணி துவைக்கும்போது ஓதிக்கொண்டே துவைக்கிறா.

வாப்பா


தோஹா,
30.05.2011

என் வாப்பாவுக்கு,

மூன்று தரம் வாசித்தேன். மூன்றாம் தரம் வாசிக்கும்போது பிள்ளை உதைத்தது. நல்ல உதை. முபாறக்கைக் கூப்பிட்டுக் கையை வைக்கச் சொன்னேன்.

வடையை நினைத்துச் சிரித்தேன். பிறகு முகத்தைத் தலையணையில் வைத்துக்கொண்டு கிடந்தேன். ஒன்றரை வருஷமாக நான் உங்களைக் கோபக்காரராக்கி வைத்திருந்தேன். அது எனக்கு வசதியாகவும் இருந்திருக்கிறது. கோபம் என்றால் ஒரு நாளைக்கு ஆறிவிடும் என்று இருக்கலாமே.

வாப்பா, நீங்கள்தான் சொல்ல வேண்டும். நடுவில் நின்றால் நிற்கட்டும். நான் இந்தப் பக்கம் இருக்கிறேன். மெதுவாக எடுத்துத் தருவேன். வீட்டில் எனக்கு குர்ஆனின் யாஸீன் சூராவைப் பாடமாக்கித் தரும்போது நீங்கள் எனக்கு எத்தனை இடத்தில் எடுத்துத் தந்தீர்கள்? அப்போது நான் வெட்கப்பட்டேனா?

நீங்கள் தந்த ரு, க: மருமகன். கருத்து: வெள்ளிக்கிழமையில் மீன் பொரித்து, அறையைப் புகையாக்கி, தீ அலாரம் அடிக்க வைத்து, "சுகமா இரிக்கா" என்று கேட்டுக்கொண்டு வருகிறவர்.

உங்களுக்கு: ழி, ணை. அவசரமில்லை. எப்போது வருகிறதோ அப்போது.

உங்கள் மகள்
ஹிதாயா


தில்லையடி,
22.07.2011

அன்பு மகளுக்கும், மருமகனுக்கும், இன்னும் பேர் வைக்காத என் பேரனுக்கும்,

அஸ்ஸலாமு அலைக்கும். நாள் முந்தி வந்தாலும் இரண்டு பேரும் சுகமாக இருக்கிறீர்கள் என்ற செய்தியில் உம்மா நிலத்தில் கால் படாமல் திரிகிறா. தெருவில் எல்லா வீட்டுக்கும் மஸ்கட் இனிப்புத் துண்டு போயிற்று. குளிசை போடுகிற மனிசன் என்று எனக்கு மட்டும் பாதித் துண்டு.

தொலைபேசியில் நீங்கள் கேட்ட கேள்விக்கு அப்போது விடை சொல்ல முடியவில்லை. "பின்னால கேட்ட குரல் யாருடையது வாப்பா?" என்று கேட்டீர்கள். சொல்கிறேன்.

உங்கள் அழைப்பு வந்தபோது நான் கை கால் கழுவி வுளூச் செய்துகொண்டு தயாராகத்தான் இருந்தேன். காலையில் இருந்து ஒரு காரியமும் செய்யவில்லை, சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். உம்மா தொலைபேசியை என் வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றா. செய்தி கேட்டு வந்த ரஸாக் வாசல் கதிரையில் இருந்தார். போகச் சொல்லவும் முடியவில்லை, இருக்கச் சொல்லவும் முடியவில்லை.

நீங்கள் "வெச்சிட்டன் வாப்பா" என்றீர்கள். பிள்ளையின் மூச்சுக் கேட்டது. சின்ன ட்யூப்பில் காற்றுப் போகிற சத்தம். தொடங்கினேன். நல்லாய் வந்தது மகள். எனக்கே என் குரல் ஆறுதலாக இருந்தது. மன்னாரில் இளம் பையனாகச் சொன்ன பாங்கு மாதிரி வந்தது. ஹய்ய அலஸ்ஸலாஹ் இரண்டு தரமும் சொன்னேன்.

பிறகு சுவர்.

வெற்றியின் பக்கம் வாருங்கள் என்று கூப்பிட வேண்டும். கருத்துத் தெரிகிறது. சொல் இல்லை. உம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அவவின் உதடு அசைகிறது, சத்தம் வரவில்லை. நீங்கள் எடுத்துத் தருவதாகச் சொல்லியிருந்தீர்கள். நீங்கள் விம்முவது எனக்குக் கேட்டது. விம்முகிற ஆளால் எப்படி எடுத்துத் தர முடியும்? பிள்ளை மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அதன் வாழ்க்கையில் முதல் தரமாக ஒருவருக்காகக் காத்துக்கொண்டிருந்தது. அந்த ஆள் நான்.

அப்போது வாசல் பக்கத்தில் இருந்து ஒரு குரல், இரகசியம் சொல்வதுபோல, "ஹய்ய அலல் ஃபலாஹ்" என்றது. அதுதான் நீங்கள் கேட்ட குரல். ரஸாக். நான் பிடித்துக்கொண்டேன். இரண்டு தரமும் சொன்னேன், முடிவு வரைக்கும் நிற்காமல் போனேன், இடது காதில் இகாமத்தும் சொன்னேன்.

தொலைபேசியை வைத்த பிறகு நான் ரஸாக்கைப் பார்க்கவில்லை. அவர்தான் கதைத்தார். "அண்டைக்கு என்னக் கபுறுக்கு அனுப்பினீங்களே காக்கா. போகாம நிண்டது நல்லதாப் போச்சு."

"மையித்துக் கதைக்கிற வீட்ட நான் இண்டைக்குத்தான் பாக்கிறன்" என்றா உம்மா. அவ சிரித்து முடித்தவுடன் குசினிக்குள் போய் அழுதா. ரஸாக்குக்கு முழு மஸ்கட் துண்டு.

இனி விளையாட்டு. உங்கள் ழி, ணை என்னை ஒரு மாதத்துக்கு மேல் அலைய வைத்தது. கேட்டால் வாசலில் இருந்து எடுத்துத் தர ஆள் இருந்தது, கேட்கவில்லை. இன்று காலை ஒரு சைக்கிளுக்குச் செயின் மாட்டும்போது தானாக வந்து நின்றது. வழித்துணை. கருத்து: நாம் வழி மறந்து நின்றால், தானும் கூட நிற்கிற ஆள்.

பேரனுக்கு நல்ல பேராக வையுங்கள். சின்னப் பேராக வையுங்கள். எனக்காக.

உங்கள் அன்பு
வாப்பா பதியுதீன்

கடிதத்தை மடித்துவிட்டுத் திரும்ப விரிக்கிறேன். தொலைபேசியை வைப்பதற்கு முன் இன்னொன்றும் கேட்டீர்கள். "இப்பயும் பயமா இரிக்கா வாப்பா?" நான் சிரித்துவிட்டு, "சேச்சே" என்றேன். அன்றைக்கு வள்ளத்தில் உங்கள் சொல்லைச் செல்லாது என்று தள்ளினேனே, அது உங்களை அழாமல் வைத்திருக்க என்று இவ்வளவு காலமும் நினைத்திருப்பீர்கள். உங்கள் வாயில் இருந்து அந்தச் சொல்லை இன்னொரு தரம் கேட்டிருந்தால் நான்தான் அழுதிருப்பேன். என் பேரன் கதைக்கத் தொடங்கும் நாளில் என்னிடம் எத்தனை சொல் மிஞ்சியிருக்குமோ தெரியவில்லை, மகள். ஆகவே வாயால் சொல்லாததை இதில் எழுதுகிறேன். மூன்றெழுத்துத்தான். இந்த ஒரு தரம் செல்லும் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

பயம்.